தந்திக்கு அடியில் ஸ்பாஞ்ச்

என் கணவருக்கு மிமிக்ரி வரும். சும்மா வரும் என்றில்லை, நன்றாகவே வரும். கொச்சித் துறைமுகத்தில், வில்லிங்டன் தீவில் கப்பல் சரக்கு ஏஜென்சி ஒன்றில் வேலை. அங்கே இருக்கும் முதலாளி, சுங்கத்துக்காரர், பள்ளுருத்தி பஸ்ஸின் கண்டக்டர், எங்கள் சந்து முனையில் மீன் வெட்டும் அம்மாள் என்று யாரை ஒருமுறை பார்த்தாலும் அவருக்குப் போதும். அன்று சாயங்காலமே அந்த ஆள் எங்கள் கூடத்தில் நிற்பார். என் அப்பா இறந்த வருஷமே அப்பாவின் இருமலைச் செய்துகாட்டினார். அச்சு அசலாக இருந்தது. அம்மா சிரித்தாள். அப்புறம் எழுந்து உள்ளே போய், சாப்பாட்டுக்கு வரவில்லை.

கல்யாணம், காதுகுத்து, புதுமனை என்று எங்கள் சொந்தத்தில் எது நடந்தாலும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு அவரைக் கூப்பிடுவார்கள். தமிழும் மலையாளமும் கலந்து அரைமணி நேரம் ஓடும். அவர் செய்துகாட்டும் ஆட்கள் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் சிரிக்க வேண்டும். சிரிக்காதவனைப் பற்றி அடுத்த தடவை இன்னும் நீளமாகச் செய்வார்.

இத்தனை வருஷம் அவர் என்னை மட்டும் செய்யவில்லை. என்னிடம் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்பார். "நீ நடந்தா சத்தமே வராது. பேசினா முக்கால்வாசி முழுங்கிடுவே. உன்னை எதை வச்சுச் செய்யறது?" பாராட்டு போலத்தான் சொல்வார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

நான் பள்ளுருத்தியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். மூக்கில் உட்காராத ஃபிரேமை வளைத்துக் கொடுப்பது, கழன்ற ஸ்குரூவை மாற்றுவது, லென்ஸ் உட்கார மறுத்தால் ஓரத்தை ராவிவிடுவது. எறணாகுளத்துக்கு ஒரு வேலையாகப் போய்விட்டுப் படகில் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் உகுலேலே என்கிற அந்தக் குட்டி கிட்டாரை முதலில் பார்த்தேன். ஏறக்குறைய என் வயசுள்ள ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து, குழந்தையை வைத்திருப்பது போல மார்போடு அணைத்து வாசித்துக்கொண்டிருந்தாள். எஞ்சின் இரைச்சலில் அவளுக்கு மட்டுமே கேட்டிருக்கும். சுற்றியிருந்த யாரும் அவளைப் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. யாரும் பார்க்காமல் ஒருத்தி ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள்.

கலூரில் ஒரு இசைக்கருவிக் கடையில் வாங்கினேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடி, "மோளுக்கா?" என்று கேட்டார். எங்களுக்குக் குழந்தை கிடையாது. ஆமாம் என்றேன். பஸ் ஸ்டாண்டு வரை அதை மடியில் வைத்திருக்கவா தோளில் மாட்டவா என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நடந்தேன்.

நாலே தந்தி. நைலான். வீட்டுக்கு வந்து, போனில் ஒரு வீடியோவைப் போட்டு, தலையில் இருக்கும் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் திருகிச் சுருதி சேர்த்தேன். முகத்துக்கு அருகில் இருக்கும் தந்தி தடித்த சத்தமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது கீச்சென்று இருந்தது. அறுத்துவிட்டேனோ என்று பயந்து, பிறகு அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டேன். சேர்த்து முடித்த நிமிஷமே முதல் தந்தி இறங்கிப் போயிருக்கும். புது நைலான் இழுபட்டு இழுபட்டு ஒரு நிலைக்கு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த வாரம் முழுக்க வாசித்ததைவிடத் திருகியதுதான் அதிகம்.

பல சுரம் சேர்ந்து ஒலிப்பதைக் கார்டு என்பார்கள், அதில் சி கார்டுக்கு ஒரே விரல் போதும். மோதிர விரலை மூன்றாவது கட்டத்தில் வைத்து வலது கையால் மெல்லத் தடவினால், முழுசாக ஒரு சத்தம் வரும். அதை முதலில் கேட்டபோது நான் தனியாக அடுக்களையில் இருந்தேன். திரும்பவும் தடவினேன். அந்தச் சாயங்காலம் சோறு குழைந்து போனது.

என் கணவர் அன்று அதை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பயிற்சி செய்யும்போது கதவோரம் வந்து சாயாக் கிளாஸோடு நிற்பார். கொஞ்ச நேரம் நிற்பார், போய்விடுவார். அவருக்குக் கேட்கப் பிடிக்கிறது என்று நினைத்தேன். கார்டு மாற்றும்போது நான் அவரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்ததுகூட உண்டு.

அவர் என்னைப் பாடம் படித்துக்கொண்டிருந்தார் என்பது பள்ளுருத்தியில்தான் தெரிந்தது.

அவருடைய தங்கை வீட்டுக்குப் புதிதாக மாடி எடுத்து, பால் காய்ச்சின நாள். வழக்கம்போல நாற்காலியை நடுவில் போட்டார்கள். அவர் அடுக்களைக்குள் போய்க் கையில் ஒரு பெரிய அகப்பையோடு வந்தார். உட்கார்ந்தார். அகப்பையை மார்போடு அணைத்தார். நாக்கு நுனியைக் கடைவாயில் நீட்டினார். புருவத்தைத் தூக்கி, இடது கை விரல்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து வைத்தார். உதடு மட்டும் அசைய, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றார். எல்லாம் வைத்து முடித்ததும் பெருமூச்சு விட்டு வலது கையால் தடவினார். தொண்டையிலிருந்து ஆட்டுக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு நிமிர்ந்து, யாரோ கதவோரம் நிற்பது போலப் பார்த்து, வெட்கமும் பெருமையுமாக ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பு என்னுடையது. நான் அப்படிச் சிரிப்பேன் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கூடம் அதிர்ந்தது. அவருடைய தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, இன்னொரு வாட்டி, அந்த நாக்கு" என்றாள். இன்னொரு வாட்டி செய்தார். நானும் சிரித்தேன். சிரிக்காதவர்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

தங்கையின் புருஷன், "அண்ணி, அடுத்த தடவை ஒரிஜினலைக் கொண்டு வாங்க, ஒத்துப் பார்ப்போம்" என்றார். ஓணத்துக்கு எங்கள் வீட்டுக்கு எல்லாரும் வந்தபோது விடவில்லை. எடுத்து வந்து வாசித்தேன். எனக்குத் தெரிந்தது சி, எஃப், ஜி என்ற மூன்று கார்டும் அதில் அடங்கும் ஒரு சின்னப் பாட்டும். நாக்கை உள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எஃப் வந்தபோது அந்த ஆட்டுச் சத்தம் வந்தது. உண்மையாகவே வந்தது. அகப்பைக்குக் கிடைத்த சிரிப்பைவிட அதிகச் சிரிப்பு எனக்குக் கிடைத்தது. என் கணவர் எழுந்து கை கூப்பிச் சபைக்கு நன்றி சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் கண்ணெதிரில் நான் அதைத் தொடவில்லை. கடைக்கு விடுமுறை ஞாயிறுதான். அன்று அவரும் வீட்டில்தான் இருப்பார். ஃபோர்ட் கொச்சியில் ஒரு காபிக் கடையின் மாடியில் ஞாயிறு மத்தியானங்களில் உகுலேலே வாசிக்கிறவர்கள் கூடுகிறார்கள் என்று கண்ணாடி மாற்ற வந்த ஒரு பெண் சொன்னாள். போனேன்.

அதை நடத்தியவர் என் வயசுக்காரி. பல வருஷம் மஸ்கட்டில் இருந்து திரும்பியவர். நரைத்த முடியைக் கழுத்தளவு வெட்டியிருப்பார். எல்லாரும் அவரைச் சேச்சி என்றார்கள். வந்ததும் கட்டிக்கொள்வார், போகும்போதும் கட்டிக்கொள்வார். எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், என்னை மட்டும் டியர் என்பார். பெயரைக் கேட்டுவிட்டு மறந்துபோய், இரண்டாம் தடவை கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறார் என்று பிறகு புரிந்தது. கடைசி வரை கேட்கவில்லை.

நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவோம். பாங்கில் வேலை செய்கிறவர், ஹோம்ஸ்டே நடத்துகிற தம்பதி, ஐடி கம்பெனிப் பெண்கள், நான். அவர்களுக்கு என்னிடம் கோபமில்லை. கெட்ட வார்த்தை ஒன்றும் யாரும் சொல்லவில்லை. பாட்டு போய்க்கொண்டிருக்கும். எஃப் வரும். சேச்சியின் வலது புருவம் மட்டும் ஒரு நொடி சுருங்கும். வட்டத்தில் மூன்று பேர் என்னைப் பார்க்காமல் இருக்கச் சிரமப்படுவார்கள்.

"டியர், உங்க எஃப் கொஞ்சம் மேலே போகுது. ரொம்ப அழுத்தறீங்க. கை முரடு, அவ்வளவுதான்" என்றார் சேச்சி. நாள் முழுக்க லென்ஸைப் பிடிக்கிற கை என்னுடையது. முரடு என்று யாரும் சொன்னதில்லை. ஆனாலும் நம்பினேன். வீட்டில் மெல்ல அழுத்தினேன். அப்போது சத்தமே வரவில்லை.

ஒருநாள் சுருதி பார்க்கும் கிளிப்பை உகுலேலேயின் தலையில் மாட்டி, இடது கை விரல் எதுவும் வைக்காமல் மீட்டினேன். பச்சை விளக்கு, சரி. முதல் கட்டத்தில் விரல் வைத்து மீட்டினேன். முள் வலது பக்கம் ஓடியது. மெல்ல வைத்தாலும் ஓடியது. அடுத்தடுத்த கட்டங்களுக்குப் போகப் போகக் குறைந்தது. அப்படியானால் கோளாறு என் விரலில் இல்லை. கழுத்தின் உச்சியில் தந்திகள் உட்கார்ந்து வரும் வெள்ளைத் துண்டு ஒன்று இருக்கிறதே, நட் என்பார்கள், அதில் வெட்டியிருந்த பள்ளங்கள் ஆழம் போதாது. தந்தி உயரத்தில் நிற்கிறது. அவ்வளவு தூரம் கீழே அழுத்தும்போது இழுபட்டுச் சுருதி ஏறிவிடுகிறது. கடையில் விற்கும் மலிவான உகுலேலேக்கள் பலவும் இப்படித்தான் வரும் என்று வீடியோக்களில் சொன்னார்கள். வாங்கினவர்தான் சரி பண்ணிக்கொள்ள வேண்டுமாம்.

நான் வேலை பார்க்கும் கடையிலிருந்து இரண்டு மெல்லிய அரங்களைக் கொண்டு வந்தேன். மழைக்காலம், அந்த ஞாயிறு குழு கூடவில்லை. பக்கத்து இஞ்சிக் கிடங்கின் நெடி ஈரத்தோடு ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. என் கணவர் வெளியே போயிருந்தார். ஒவ்வொரு தந்தியாகத் தளர்த்தி ஓரமாகத் தள்ளி, பள்ளத்தைக் கொஞ்சம் ராவி, தந்தியைத் திரும்பப் பூட்டி, சுருதி சேர்த்துப் பார்ப்பேன். இன்னும் கொஞ்சம். மூன்றாவது தந்தியில் அவசரப்பட்டு ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்துவிட்டேன். பூட்டி மீட்டினால் தகரத்தில் ஈ மாட்டிக்கொண்டது போல ஒரு ரீங்காரம். தந்தி ரொம்பக் கீழே போய், முதல் கட்டத்தின் கம்பியில் உரசிக்கொண்டிருந்தது. அழுகை வந்தது. அந்தத் தப்புக்கும் வீடியோவில் ஒரு வழி இருந்தது. ஆப்பச்சோடாவை அந்தப் பள்ளத்தில் நிரப்பி, மேலே ஒரு துளி சூப்பர் குளூ விட்டால் கல்லாக இறுகிவிடும். மறுபடி ராவலாம். இந்த முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு ராவினேன்.

முடித்து எஃப் வைத்தேன். தடவினேன்.

இத்தனை மாதமாக நான் அந்தக் கார்டைக் கேட்டதே இல்லை என்று தெரிந்தது. மழை நிற்கும்வரை அதையும் சி கார்டையும் மாற்றி மாற்றி வாசித்தேன். வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. உகுலேலேயின் வயிறு என் வயிற்றில் அதிர்ந்தது. இன்றுவரை நான் வாசித்ததில் அந்த மத்தியானம்தான் நல்ல மத்தியானம்.

அடுத்த ஞாயிறு சேச்சியிடம் சொன்னேன், குறை என்னிடம் இல்லை, நட் உயரமாக இருந்தது, ராவிவிட்டேன் என்று. "அப்படியா, வெரி குட்" என்று சொல்லிவிட்டு மற்றவர்களுக்குத் தாள் கொடுத்துக்கொண்டிருந்தார். பாட்டு தொடங்கியது. எஃப் வந்தது. சரியாக இருந்தது. சேச்சியின் புருவம் சுருங்கியது. அவர் கேட்டுச் சுருக்கவில்லை. வழக்கத்தில் சுருக்கினார்.

டிசம்பர் கடைசியில் ஃபோர்ட் கொச்சியில் எங்கே பார்த்தாலும் விளக்கும் கூட்டமுமாக இருக்கும். அந்தக் காபிக் கடையின் முற்றத்தில் எங்கள் குழு வாசிப்பது என்று முடிவாயிற்று. நான் என் கணவரிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. "தங்கச்சியையும் கூட்டிட்டு வர்றேன். முன்னாடி வரிசை" என்றார். அகப்பைக்குப் புதுச் சரக்கு கிடைக்கப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ. நான் ராத்திரிச் சமையலை முடித்துவிட்டு, குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தேன். ஆறு பாட்டையும் தாள் பார்க்காமல் வாசிக்க வந்தது. வேகமாகப் போகும் ஒரு பாட்டில் மட்டும் கொஞ்சம் பின்தங்குவேன்.

நிகழ்ச்சி அன்று சாயங்காலம் எல்லாரும் மாடியில் உடை சரி பண்ணிக்கொண்டிருந்தோம். சேச்சி என்னை ஜன்னல் பக்கமாகக் கூட்டிப் போனார். என் புடவைத் தலைப்பைச் சரி செய்தார்.

"டியர், இந்த நிறம் உங்களுக்கு ரொம்பப் பொருந்துது. ஒரு சின்ன விஷயம். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"இன்னைக்கு மைக் எல்லாம் வச்சிருக்காங்க. ஒவ்வொண்ணும் கேட்கும். நீங்க கொஞ்சம் ஸ்லோ ஆயிடறீங்க. நீங்க வாசிங்க, நிறுத்த வேண்டாம். இதை மட்டும் தந்திக்கு அடியில வச்சுக்குங்க."

அவர் கையில் ஒரு ஸ்பாஞ்ச் துண்டு. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் இல்லை. நல்ல ஸ்பாஞ்ச், கருநீலம், தந்திகளின் அகலத்துக்கு அளவாக வெட்டி, முனைகளை வழித்து வைத்திருந்தது. அன்று அவசரத்தில் வெட்டியது அல்ல என்று பார்த்தாலே தெரிந்தது.

"நான் வேணா வேகமான பாட்டுக்கு மட்டும் சும்மா இருக்கட்டுமா?"

"ஐயோ, அது பார்க்க நல்லா இருக்காது. கை அசைஞ்சுக்கிட்டே இருக்கணும். உங்க கை மூவ்மென்ட் அழகா இருக்கு. நீங்க இல்லைன்னா வரிசையும் கோணிப் போகும்." என்னைக் கட்டிக்கொண்டார். அவர் மேல் நல்ல வாசனை வந்தது.

உகுலேலேயை உறையில் போட்டுக்கொண்டு அப்படியே இறங்கி ஆட்டோ ஏறியிருக்கலாம். கீழே முன் வரிசையில் என் கணவரும், அவர் தங்கையும், தங்கையின் புருஷனும் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே போகிற வழி அவர்களைத் தாண்டித்தான். ஸ்பாஞ்சைத் தந்திக்கு அடியில் செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

மேடையில் ஆறு பாட்டும் வாசித்தேன். ஒரு தப்பு இல்லை. அந்த வேகமான பாட்டில்கூடப் பின்தங்கவில்லை. என் தந்திகளிலிருந்து வந்ததெல்லாம் துணி தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அதுவும் எனக்கு மட்டும். என் கணவர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முதலில் அவர் வாய் சிரிக்கத் தயாராக இருந்தது. இரண்டாவது பாட்டில் அந்த வாய் மூடியது. நாலாவது பாட்டில் அவர் தங்கையின் கையைத் தட்டி என்னைக் காட்டினார்.

முடிந்து கீழே இறங்கியதும் நேராக வந்தார்.

"நான் நினைக்கவே இல்லை" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. யாருடைய குரலும் இல்லை, அவருடைய குரல்தான். "இன்னைக்குத்தான் நீ ஒழுங்கா வாசிச்சிருக்கே. எவ்வளவு சுத்தமா இருந்துது தெரியுமா?"

அவர் தங்கை, "அண்ணி, எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு" என்றாள். உண்மையாகவே நிறைந்திருந்தது.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பற்றி இன்னொருவர் முன்னால் பெருமையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் சரி என்று தலையாட்டினேன். சேச்சி தூரத்திலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அடுத்த வாரம் ஒரு செய்தி அனுப்பியிருந்தார், அந்த ஸ்பாஞ்ச் உங்களிடம் இருக்கிறதா, பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த நிகழ்ச்சிக்கு வேண்டும் என்று. தொலைந்துபோய்விட்டது என்று பதில் போட்டேன். அதன் பிறகு அங்கே போகவில்லை.

என் கணவர் அந்த வீடியோவைச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினார். ஆபீஸில் காட்டினார். ராத்திரிப் படுத்துக்கொண்டு தனியாகவும் பார்த்தார். சாயா கொடுக்கும்போது, "இன்னைக்கு வாசிக்கலையா?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று சில தடவை வாய் வரை வந்தது. அவர் கேட்கிற அந்தத் தன்மை எனக்குப் புதிது. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று விட்டேன். அதோடு வேறொன்றும் இருந்தது. அது என்னவென்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிறு பள்ளுருத்தியில் தங்கை வீட்டில் சாப்பாடு. உகுலேலேயைக் கொண்டு வா என்று அவரே சொல்லியிருந்தார். அவருடைய சித்தப்பா குடும்பமும் வந்திருந்தது. வீடியோவைப் பெரிய டிவியில் போட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டிவி பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி விளக்கினார்.

"எல்லாரும் ஒண்ணா வாசிக்கும்போது சாதாரணக் காதுக்கு எல்லாம் ஒண்ணு மாதிரித்தான் இருக்கும். எனக்கு அப்படி இல்லை. கவனிங்க." ஓடவிட்டார். விரலைத் தூக்கினார். "கேட்டுதா? இந்த டிங். இது இவ."

சித்தப்பா தலையாட்டினார்.

"மத்தவங்களோடது தட்டையா இருக்கும். இவளோடதுல ஒரு பதம் இருக்கு. தினம் வீட்டில் கேட்கிறேனே, எனக்குத் தெரியாதா? இதோ, மறுபடி. இது இவ." கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு இடத்திலும் விரலைத் தூக்கினார். "இது இவ."

நான் உறையைத் திறந்தேன். உள்பையில்தான் ஸ்பாஞ்ச் இருந்தது. எடுத்துத் தந்திக்கு அடியில் வைத்தேன். தங்கையின் புருஷன் முதலில் பார்த்து, "என்ன அண்ணி அது?" என்றார்.

"அன்னைக்கு என்னை இதை வச்சு வாசிக்கச் சொன்னாங்க. சத்தம் வெளியே வராம இருக்க." தடவிக் காட்டினேன். டப், டப். "வீடியோவில் இருக்கிறதில் என்னோடது ஒண்ணும் இல்லை."

டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் கணவரின் விரல் இன்னும் மேலேதான் இருந்தது.

முதலில் சிரித்தது அவர் தங்கைதான். அந்தச் சிரிப்பு எல்லாருக்கும் பரவியது. தங்கையின் புருஷனுக்கு மிமிக்ரியே வராது, ஒருநாளும் செய்ததில்லை. அவர் எழுந்து, கண்ணை மூடி, தாடையைத் தூக்கி, விரலை நீட்டி, "இது இவ" என்றார். மோசமாகத்தான் செய்தார். கூடம் அதிர்ந்தது. சித்தப்பா மனைவிக்கு இருமல் வந்து தண்ணீர் கொண்டு வந்தார்கள். அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது. "அளியா, இது யாரு?" என்று மச்சானைக் கேட்டார் தங்கையின் புருஷன். குழந்தைகள் சேர்ந்து கத்தினார்கள், "இது இவ."

என் கணவர் சிரிக்க முயன்றார். அவருக்குத் தெரியும், சிரிக்க வேண்டும். வாய் விரிந்தது. கண் என்னைப் பார்த்தது. நான் ஸ்பாஞ்சை உருவி, உகுலேலேயை உறையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். தோப்பும்படி ஸ்டாப் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"வீட்டிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார்.

"வீட்டில் பார்க்க ஆள் இல்லையே" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வார்த்தை சொந்தத்தில் நிலைத்துவிட்டது. பஸ் ஹாரன் அடித்தால், ஆட்டுக்குட்டி கத்தினால், யாராவது தும்மினால், "இது இவ" என்பார்கள். போனில் கூப்பிட்டால் ஹலோவுக்குப் பதில் அதைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்றுகூடத் தெரியாது. என் கணவர் மிமிக்ரி செய்வதை விட்டுவிட்டார். முதலில் தொண்டை சரியில்லை என்றார். அடுத்த கல்யாணத்தில் மூடில்லை என்றார். அதன் பிறகு யாரும் நாற்காலியை இழுத்துப் போடவில்லை.

போன மாசம் கலூரில் ஒரு கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் மண்டபத்தில் பொழுது போகாமல், யாரோ அவரை ஏதாவது செய்யச் சொன்னார்கள். "என்னை விட்டுடுங்க. அவளைக் கேளுங்க, அவ வாசிப்பா" என்றார். நான் கொண்டு போயிருந்தேன். வாசித்தேன். இப்போது எனக்கு விரலைக் குறுக்கே படுக்கப்போட்டு அழுத்தும் கஷ்டமான கார்டுகளும் வரும். இரண்டாவது பாட்டில் பெண்கள் நகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மூன்றாவதில் ஆண்கள் எழுந்து வெளியே போனார்கள். யாரும் சிரிக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி கடைசி வரை இருந்தாள். முடிந்ததும், "மத்தது எப்போ?" என்று கேட்டாள். எது என்றேன். "உங்க வீட்டுக்காரர் பண்றது" என்றாள்.

வீட்டில் இப்போது நான் கதவைச் சாத்திக்கொள்வதில்லை. கடையிலிருந்து வந்து குளித்துவிட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து வாசிக்கிறேன். நான் உறையின் ஜிப்பைத் திறக்கும் சத்தம் கேட்டால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு படகுத்துறை வரை நடந்துவிட்டு வருகிறார். பாவமாக இல்லையா என்று என் அம்மா கேட்டாள். இல்லை என்றேன்.

போன வாரம் பழைய தந்திகளைக் கழற்றிப் புதிது போட்டேன். புதுத் தந்தி நிலைக்கு வரும்வரை நிறைய நேரம் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம் ஆகும்."

தலையாட்டிவிட்டு மறுபடி படியிறங்கிப் போனார்.